வாகன இன்சூரன்ஸ் மோசடியை விசாரிப்பது எப்படி: சேலம், ஏற்காடு வட்டாரத்துக்கான முழுமையான வழிகாட்டி

சேலத்தில் இன்சூரன்ஸ் இன்வெஸ்டிகேட்டர் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். ஃபைல் கைக்கு வந்ததும் க்ளெய்ம் போட்டவருக்கு போன் செய்து, வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, வாக்குமூலம் வாங்கிவிடுகிறார்கள். அதற்குள் டீக்கடை கேமராவில் பழைய பதிவு அழிந்திருக்கும். ரோட்டில் கிடந்த கண்ணாடித் துண்டுகளைப் பெருக்கித் தள்ளியிருப்பார்கள். வண்டி டிங்கரிங் பட்டறைக்குள் போயிருக்கும். ஆளை அடுத்த வாரமும் பார்க்கலாம், இவற்றைப் பார்க்க முடியாது.

அதனால் இந்த வழிகாட்டியில் வரிசைதான் முக்கியம். கீழே உள்ள படிகளை முன்பின்னாக மாற்றாதீர்கள்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்மிடம் வரும் ஃபைல்களில் பல, உண்மையாகவே அடிபட்டவர்களுடையவை. என்ன நடந்தது என்று கண்டுபிடிப்பதற்குத்தான் நம்மை அனுப்புகிறார்கள். பணம் கொடுக்காமல் இருக்கக் காரணம் தேடிப் போகிறவர் நல்ல இன்வெஸ்டிகேட்டர் ஆக மாட்டார்.

1. கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை

இன்சூரன்ஸ் கம்பெனி கொடுத்த நியமனக் கடிதம், உங்கள் அடையாள அட்டை, பாலிசி நகல், க்ளெய்ம் படிவம், ஆர்.சி., டிரைவிங் லைசென்ஸ் நகல். நியமனக் கடிதம் இல்லாமல் எந்த ஆஸ்பத்திரியிலும் எந்த ஸ்டேஷனிலும் யாரும் உங்களிடம் பேச வேண்டிய அவசியம் இல்லை.

அப்புறம் ஒரு அளவு டேப், டார்ச், சின்னக் காந்தம், நோட்டுப் புத்தகம். காந்தம் எதற்கு என்று கேட்பார்கள். தகடு இருக்க வேண்டிய இடத்தில் கனமாகப் பட்டி பூசியிருந்தால் காந்தம் ஒட்டாது. அங்கே முன்பே ஒரு முறை அடிபட்டு வேலை பார்த்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

2. முதல் ஒரு மணி நேரம் காகிதத்தோடு உட்காருங்கள்

ஒரு தாளில் கோடு போட்டு இந்தத் தேதிகளை வரிசையாக எழுதுங்கள்: முந்தைய பாலிசி முடிந்த நாள், புதிய பாலிசி தொடங்கிய நாள், விபத்து நடந்ததாகச் சொல்லும் நாளும் நேரமும், கம்பெனிக்குத் தகவல் சொன்ன நாள், எஃப்.ஐ.ஆர். பதிவான நாள், பட்டறைக்கு வண்டி வந்த நாள், ஆஸ்பத்திரியில் சேர்ந்த நேரம்.

இதைச் செய்யாமல் களத்துக்குப் போனால் எதைத் தேடுகிறோம் என்றே தெரியாது. பாலிசி எடுத்த மூன்றாம் நாள் விபத்து, இரண்டு பாலிசிக்கு நடுவே சில நாள் இடைவெளி, விபத்துக்கும் எஃப்.ஐ.ஆருக்கும் நடுவே மூன்று வாரம். இந்த மாதிரி இடங்களைச் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். வட்டம் போட்டது கேள்விதான். ரிப்போர்ட்டில் அதை முடிவாக எழுதிவிடாதீர்கள்.

பாலிசியில் இடைவெளி விழுந்திருந்தால், புதுப்பிக்கும்போது எடுத்த ஆய்வு போட்டோக்களைக் கம்பெனியிடம் கேட்டு வாங்குங்கள். ஓடோமீட்டர் போட்டோ இருந்தால் தனியாக எடுத்து வையுங்கள். ஏன் என்பது ஐந்தாம் படியில் வரும்.

பரிவாஹன் என்ற அரசு வாகனப் பதிவுத் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு உரிமையாளர், எரிபொருள், வண்டி வகை, எஃப்.சி. (தகுதிச் சான்று), கடன் விவரம் எல்லாம் பாலிசியோடு ஒத்துப்போகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

3. சீக்கிரம் அழிவதை முதலில் பிடியுங்கள்

கடை கேமராக்களில் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும். சில கடைகளில் பதினைந்து நாள் தாங்கும், சில இடத்தில் ஒரு வாரம்கூடத் தாங்காது. ஐந்து ரோடு, கொண்டலாம்பட்டி, சீலநாயக்கன்பட்டி பக்கம் என்றால் பெட்ரோல் பங்க், ஓட்டல், பைக் ஷோரூம் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போகலாம். ஏற்காடு மலைப்பாதையில் நடுவழியில் கேமரா கிடைப்பது அபூர்வம். அதனால் மேலே கடைவீதியிலும் கீழே அடிவாரத்திலும் வண்டி எத்தனை மணிக்குக் கடந்தது என்று பாருங்கள்.

பதிவு கிடைத்தால் கேமராவில் காட்டும் நேரத்தை உங்கள் போன் நேரத்தோடு ஒப்பிட்டு, எத்தனை நிமிடம் வித்தியாசம் என்று அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். இருபது நிமிடம் தள்ளி ஓடும் கேமராக்கள் நிறைய உண்டு. இதைக் குறிக்காமல் விட்டால் உண்மை சொல்பவரும் பொய்யர் ஆகிவிடுவார். கோர்ட்டுக்குப் போகும் பதிவு என்றால் பாரதிய சாக்ஷிய அதிநியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். அதில் கேமராவுக்குப் பொறுப்பானவரின் கையெழுத்தும் தேவை. ஆறு மாதம் கழித்துக் கடைக்காரரைத் தேடிப் போனால் கடையே மாறியிருக்கும்.

4. விபத்து நடந்த இடத்தில் நில்லுங்கள்

க்ளெய்ம் படிவத்தில் எழுதிய அதே நேரத்துக்கு அங்கே போங்கள். மாலை ஆறரைக்கு நடந்தது என்றால் ஆறரைக்கு. வெளிச்சம், போக்குவரத்து, பனி எல்லாம் அப்போதுதான் புரியும்.

மலைப்பாதைக்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவு திரும்பும்போதும் மலைச்சரிவும் பள்ளமும் பக்கம் மாறும். இறங்கும்போது ஒரு நீட்டத்தில் இடது கை பக்கம் மலைச்சுவர் இருந்தால், அடுத்த வளைவு திரும்பியதும் இடது கை பக்கம் பள்ளம். ஆகவே “பிரேக் பிடிக்கவில்லை, இடது பக்கம் மலையில் உரசி நிறுத்தினேன்” என்று ஒருவர் சொன்னால், எந்த இரண்டு வளைவுகளுக்கு நடுவே என்று கேட்டு, அங்கே இடது பக்கம் என்ன இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். கதை கட்டுகிறவர்கள் இந்தக் கணக்கை யோசிப்பதில்லை. நிஜமாகவே பயந்துபோய் வந்தவருக்கு வளைவு எண் குழம்பிப்போவதும் சகஜம், அதையும் மனதில் வையுங்கள். அவரைக் கூட்டிக்கொண்டே ஒரு முறை இறங்கி வந்தால் இடம் தானாகப் பிடிபடும்.

குப்பனூர் வழியாகவும் ஏற்காட்டுக்குப் பாதை இருக்கிறது. கோடை விழா சமயத்தில் ஏற ஒரு வழி, இறங்க ஒரு வழி என்று போக்குவரத்தை மாற்றிவிடுவது உண்டு. அந்த நாட்களில் நடந்த விபத்து என்றால், அன்றைக்கு அந்தத் திசையில் வண்டி போக முடிந்ததா என்பதையே முதலில் விசாரியுங்கள்.

இடத்தில் பார்க்க வேண்டியவை: சுவரில் உரசிய தடம், அதன் உயரம், அந்தக் கல்லில் பாசி பெயர்ந்திருக்கிறதா, டயர் தடம், எண்ணெய் சிந்திய கறை, ஓரத்தில் தள்ளிக் கிடக்கும் பிளாஸ்டிக், கண்ணாடித் துணுக்கு. உயரம் எல்லாவற்றையும் டேப் வைத்து அளந்து, டேப் தெரிகிற மாதிரியே போட்டோ எடுங்கள். “முழங்கால் உயரம்” என்று எழுதினால் யார் முழங்கால் என்று வக்கீல் கேட்பார்.

5. வண்டியை வேலை தொடங்கும் முன் பாருங்கள்

கம்பெனி அனுப்பும் சர்வேயர் எவ்வளவு சேதம், எவ்வளவு செலவு என்று பார்ப்பார். அந்தச் சேதம் சொன்ன விதத்தில் வந்ததா என்பதுதான் நம் கேள்வி. இரண்டையும் குழப்பிக்கொண்டு எஸ்டிமேட்டில் போய் உட்காராதீர்கள்.

முதலில் சேஸிஸ் எண்ணை நேரில் பாருங்கள், நகலை நம்ப வேண்டாம். அடுத்து சேதத்தின் வயது. புதிதாகக் கிழிந்த தகடு பளபளக்கும். ஈரம் பட்டுச் சில நாளில் பழுப்பேறும். மடிப்புக்குள் தூசி படிந்து, அதன் மேல் மழைத்தண்ணீர் ஓடிய கோடு இருந்தால் அது நேற்றைய அடி இல்லை. ஏர்பேக் விரிந்திருந்தால் ஓட்டுநர் சீட் பெல்ட்டை இழுத்துப் பாருங்கள். பலமாக மோதியபோது போட்டிருந்த பெல்ட்டில் கொக்கி உரசிய தடம் விழுந்திருக்கும். பிரேக் போனது என்று சொன்னால் சக்கரத்தைக் கழற்றச் சொல்லுங்கள். மலை இறக்கத்தில் சூடேறிப்போன டிஸ்க் நீலம் பாய்ந்திருக்கும், பேட் கண்ணாடி மாதிரி மினுங்கும். இது உண்மை சொல்பவருக்குச் சாதகமான தடயம். அதையும் அதே அக்கறையோடு போட்டோ எடுங்கள்.

நான் பார்த்த ஒரு ஃபைல். மலைப்பாதையில் இறங்கும்போது ஓரத் தடுப்புச் சுவரில் மோதிவிட்டதாக ஒரு கார் க்ளெய்ம். அங்கே அந்தச் சுவர் 48 சென்டிமீட்டர் உயரம்தான். வண்டியைப் பார்த்தால் பம்பரின் கீழ்ப் பகுதி முழுதாக இருக்கிறது, பானெட்டின் முன் விளிம்பும் ரேடியேட்டரின் மேல் பாகமும் நொறுங்கியிருக்கின்றன. குட்டைச் சுவரில் மோதினால் முதலில் போக வேண்டியது பம்பரின் கீழ்ப் பாகம். டார்ச் அடித்து கிரில்லுக்குள் பார்த்தபோது நகக்கண் அளவுக்குச் சிவப்பாக ஒரு துணுக்கு மின்னியது. லாரிகளின் பின்பக்கம் ஒட்டும் சிவப்புப் பிரதிபலிப்பு ஸ்டிக்கர். கார் சுவரில் மோதவே இல்லை, ஏதோ ஒரு லாரியின் பின்னால் நுழைந்திருக்கிறது.

அது மட்டும் போதாது, எப்போது என்று தெரிய வேண்டும். பழைய பாலிசி முடிந்து மூன்று நாள் கழித்துத்தான் புதியதை எடுத்திருந்தார்கள். ஆய்வு போட்டோவில் கார் முழுதாக இருந்தது. ஆனால் ஓடோமீட்டர் 41,205. அதற்கு இரண்டு மாதம் முன்பு போட்ட சர்வீஸ் பில்லில் 43,860. பழைய போட்டோவைக் கொடுத்துப் பாலிசி எடுத்திருக்கிறார்கள். சர்வீஸ் பில்லைக் காட்டியதும் அவரே நடந்ததை எழுதிக் கொடுத்தார்.

போட்டோக்களை வாட்ஸ்அப்பில் வாங்காதீர்கள். எடுத்த தேதி, இடம் போன்ற உள்விவரங்கள் அதில் கழன்றுவிடும். மூலக் கோப்பை மெயிலிலோ பென் டிரைவிலோ கேளுங்கள்.

6. ஆஸ்பத்திரியில் முதலில் எழுதிய காகிதம்

ஆளுக்கு அடிபட்ட க்ளெய்மில் ஏ.ஆர். காப்பிதான் உயிர்நாடி. விபத்தில் வந்தவரைப் பார்த்ததும் டியூட்டி டாக்டர் எழுதும் பதிவு அது. யார் கூட்டி வந்தார்கள், எத்தனை மணிக்கு, எப்படி அடிபட்டதாகச் சொன்னார்கள் என்று அதில் இருக்கும். இன்சூரன்ஸ் பற்றி யாரும் யோசிக்காத நேரத்தில் எழுதியது என்பதால் அதற்கு மதிப்பு அதிகம். “தானாக வழுக்கி விழுந்தார்” என்று அதில் எழுதியிருந்து, மூன்று வாரம் கழித்து எஃப்.ஐ.ஆரில் ஒரு வண்டி எண் முளைத்திருந்தால் கவனமாகப் பாருங்கள். மோதிய வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லாமல், இன்சூரன்ஸ் உள்ள உறவினர் ஒருவரின் வண்டியைக் கொண்டுவந்து நுழைப்பது இப்படித்தான் நடக்கும்.

மலையில் அடிபட்டவரை முதலில் ஏற்காடு அரசு ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, சேலம் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பியிருப்பார்கள். அப்படியானால் பதிவும் இரண்டு இருக்கும். புதியவர்கள் சேலத்துப் பதிவோடு நின்றுவிடுகிறார்கள். முதலாவது எது என்று தேடி எடுங்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் தப்பாகிவிடும். ஒரு காபி எஸ்டேட் தொழிலாளி, இரு சக்கர வண்டியில் போனவர், தொடை எலும்பு முறிந்து கிடந்தார். ஒரு ஜீப் இடித்தது என்று வழக்கு. ஏ.ஆரில் “தானாக விழுந்தார்” என்று இருந்தது. என்னிடம் வேலை பழகிக்கொண்டிருந்த தம்பி அதை வைத்தே மோசடி என்று ரிப்போர்ட் எழுதிவிட்டார். “தம்பி, கூட்டி வந்தவர் யாருன்னு பார்த்தியா?” என்று கேட்டேன். “பார்க்கலைங்கண்ணா.” கூட வேலை செய்பவர்தான் கூட்டி வந்திருந்தார். விபத்து நடந்தபோது அவர் அங்கே இல்லை. ரோட்டில் கிடந்தவரைப் பார்த்து, விழுந்துவிட்டார் என்று தான் நினைத்ததை டாக்டரிடம் சொல்லியிருக்கிறார். அடிபட்டவர் அப்போது பேசும் நிலையில் இல்லை. 108-க்கு போன் செய்தவர் வேறொருவர். அவரைத் தேடிப் பிடித்தபோது, ஜீப் இடித்துவிட்டுப் போனதைத் தன் வீட்டு வாசலில் இருந்து பார்த்ததாகச் சொன்னார். வண்டியின் பின் மட்கார்டு பின்னாலிருந்து முன்னோக்கி மடங்கியிருந்தது. மடிப்பில் பச்சைப் பெயிண்ட். ஜீப்பும் பச்சை. ஜீப்பின் இன்சூரன்ஸ் கம்பெனிதான் எங்களை அனுப்பியது. விபத்து உண்மை என்றே எழுதிக் கொடுத்தோம்.

அந்த முதல் ரிப்போர்ட் அப்படியே போயிருந்தால், அந்தக் குடும்பம் எத்தனை வருடம் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கு அலைந்திருக்கும் என்பதை இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். “கூட்டி வந்தவர்” என்ற கட்டத்தைப் படிக்காமல் ஏ.ஆரை மேற்கோள் காட்டாதீர்கள்.

7. காவல் நிலைய ஆவணங்கள்

எஃப்.ஐ.ஆர்., பார்வை மகஜர் (சம்பவ இடத்தைப் பார்த்து போலீஸ் எழுதும் குறிப்பு), மாதிரி வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளர் ரிப்போர்ட், சாட்சி வாக்குமூலங்கள், குற்றப்பத்திரிகை. தமிழ்நாடு காவல் துறையின் இணையதளத்தில் சாலை விபத்து வழக்கு ஆவணங்களைப் பணம் கட்டி எடுக்க வசதி இருக்கிறது.

2022-இல் வந்த மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, விபத்து பற்றிய முதல் அறிக்கையை 48 மணி நேரத்துக்குள்ளும், விரிவான அறிக்கையை 90 நாளுக்குள்ளும் காவல் துறை தர வேண்டும். இந்த இரண்டிலும் வண்டி எண், ஓட்டுநர் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஓட்டுநர் மாறியிருந்தால் முதலில் இருந்தவருக்கு லைசென்ஸ் இருந்ததா என்று கேளுங்கள்.

வாகன ஆய்வாளர் ரிப்போர்ட்டில் “புதிய சேதம் எதுவும் இல்லை” என்ற வரி இருக்கிறதா என்று தேடுங்கள். ஆளைத் தூக்கி எறிந்ததாகச் சொல்லும் வண்டியில் ஒரு கீறல்கூட இல்லையென்றால் அந்த ஒரு வரி போதும், மேற்கொண்டு விசாரிக்க.

சேலம் மாநகரக் காவல் வேறு, மாவட்டக் காவல் வேறு. தொப்பூர் கணவாயில் நடந்தது தர்மபுரி மாவட்டத்துக்குப் போகும். எல்லையைத் தெரிந்துகொண்டு கிளம்பினால் ஒரு நாள் மிச்சம்.

8. ஆட்களிடம் பேசும் வரிசை

முதலில் சம்பந்தமில்லாதவர்கள்: கடைக்காரர், ஆம்புலன்ஸை அழைத்தவர், வண்டியைத் தூக்கிவந்த ரெக்கவரி வேன்காரர். ரெக்கவரி வேன்காரரைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வண்டியை எங்கிருந்து தூக்கினார் என்பது அவருக்குத்தான் தெரியும், ரசீதும் வைத்திருப்பார். அடுத்து பட்டறை. கடைசியாக க்ளெய்ம் போட்டவரும் ஓட்டுநரும். இருவரையும் தனித்தனியாகப் பாருங்கள்.

கையில் எல்லாத் தகவலும் இருக்கும்போது அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டே போனால் போதும். குறுக்கிடாதீர்கள். “காலையில எழுந்ததிலிருந்து சொல்லுங்கண்ணா” என்று தொடங்குங்கள். வண்டியில் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள், வழியில் எங்கே சாப்பிட்டீர்கள், முதல் போன் யாருக்குப் போட்டீர்கள் என்று கேளுங்கள். இட்டுக்கட்டிய கதைக்கு மோதிய நிமிடம் மட்டும்தான் இருக்கும், அதற்கு முன்னும் பின்னும் ஒன்றும் இருக்காது.

வாக்குமூலத்தை அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். எழுதத் தெரியாதவர் என்றால் நீங்கள் எழுதி, வாசித்துக் காட்டி, அவருக்கு வேண்டியவர் ஒருவர் முன்னிலையில் கையெழுத்தோ கைநாட்டோ வாங்குங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்குவது, போலீஸ் மாதிரி மிரட்டுவது, “எழுதிக் கொடுத்தால் பாதியாவது வாங்கித் தருகிறேன்” என்று ஆசை காட்டுவது மூன்றும் கூடவே கூடாது. துக்க வீட்டில் பதினாறாம் நாள் முடியும்வரை காத்திருங்கள். அதற்குள் மற்ற வேலை நிறைய இருக்கிறது.

9. வண்டி திருட்டு க்ளெய்ம்

இரண்டு சாவியையும் கேளுங்கள். சாவிகள் ஒரே அளவுக்குத் தேய்ந்திருக்கின்றனவா, சமீபத்தில் வெட்டிய புதுச் சாவியா என்று பாருங்கள். காணாமல் போன தேதிக்குப் பிறகு ஓமலூர், வைகுந்தம் போன்ற சுங்கச்சாவடிகளில் ஃபாஸ்டேகில் பணம் போயிருக்கிறதா என்று உரிமையாளரிடமே வங்கி விவரம் வாங்கிப் பாருங்கள். அபராத சலான் வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கடன் தவணை பல மாதம் நின்றிருந்தால், வண்டியைக் கடன் கொடுத்தவர்களே எடுத்துப் போயிருக்கிறார்களா என்று அங்கேயும் விசாரியுங்கள்.

கம்பெனிக்குத் தாமதமாகச் சொன்னார் என்பதை மட்டும் வைத்து மறுக்கப் பரிந்துரைக்காதீர்கள். போலீஸில் உடனே புகார் கொடுத்திருந்தால், கம்பெனிக்குச் சொல்லத் தாமதமானது திருட்டு க்ளெய்மை மறுக்கக் காரணமாகாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

10. அடிக்கடி நடக்கும் இரண்டு தவறுகள்

ஒன்று, லைசென்ஸ். சரக்கு வண்டியை ஓட்டியவரிடம் இலகுரக வாகன லைசென்ஸ் மட்டும் இருந்தது, ஆகவே விதிமீறல் என்று இன்னமும் எழுதுகிறார்கள். மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் போக்குவரத்து வாகனத்தை இலகுரக லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு உறுதி செய்துவிட்டது. ஆர்.சி.யில் எடையைப் பார்த்துவிட்டுப் பேனாவை எடுங்கள்.

இரண்டு, போன் அழைப்பு விவரங்கள். “ஆள் இருக்கிறார், காசு கொடுத்தால் எடுத்துத் தருவார்” என்று யாராவது வருவார்கள். தொடவே தொடாதீர்கள். சட்டப்படி போலீஸ் போன்ற விசாரணை அமைப்புகளும் கோர்ட்டும்தான் அதைக் கேட்டு வாங்க முடியும். தேவைப்பட்டால் கம்பெனி புகார் கொடுத்து, போலீஸ் மூலம் வரட்டும். கள்ள வழியில் வந்த ஒரு காகிதம் உங்கள் மற்ற நல்ல ஆதாரங்களையும் சந்தேகத்துக்குள் இழுத்துவிடும்.

11. ரிப்போர்ட்

பார்த்தது, கேட்டது, நீங்கள் நினைப்பது மூன்றையும் தனித்தனிப் பத்தியில் எழுதுங்கள். “சுவரின் உயரம் 48 செ.மீ.” என்பது பார்த்தது. “கடைக்காரர் சத்தம் எதுவும் கேட்கவில்லை என்றார்” என்பது கேட்டது. இவற்றைக் கலந்துவிட்டால் படிக்கும் அதிகாரிக்கு எது உறுதி, எது ஊகம் என்று பிரிக்க முடியாது. மோசடி என்று சொல்கிற கம்பெனிதான் அதை நிரூபிக்க வேண்டும். சந்தேகத்தை அடுக்கிக்கொண்டே போனால் நிரூபணம் ஆகிவிடாது.

கிடைக்காத ஆதாரத்தையும் எழுதுங்கள்: எந்தக் கடையில் கேட்டீர்கள், எந்தத் தேதியில், ஏன் கிடைக்கவில்லை. க்ளெய்ம் போட்டவருக்குச் சாதகமாக வந்தது எதையும் விடாதீர்கள். எதிர்த் தரப்பு வக்கீல் அதைக் கண்டுபிடித்தால் மொத்த ரிப்போர்ட்டும் சாய்ந்துவிடும்.

நோட்டுப் புத்தகத்தையும் மூலப் போட்டோக்களையும் வழக்கு முடியும்வரை தூக்கிப் போடாதீர்கள். தீர்ப்பாயத்தில் சாட்சி சொல்ல உங்களை அழைக்கும்போது இரண்டு மூன்று வருடம் ஓடியிருக்கும். அன்றைக்கு மழையா வெயிலா, சுவரை எந்தப் பக்கமிருந்து அளந்தீர்கள் என்றுதான் முதல் கேள்வி வரும்.